வீட்டு இறைச்சி முயலுக்கு மருந்து கலக்காத தீன் எங்கே எடுக்கலாம்? (மட்டக்களப்பு, அம்பாறை)

வளவுக்காரி, ஆரையம்பதி:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வளவில் இரண்டு தாய் முயலும் ஓர் ஆண் முயலும் நிற்கின்றன. 2022இல் கோழி இறைச்சி எங்கள் கைக்கு எட்டாத விலைக்குப் போன நேரம், பிள்ளைகளின் சோற்றில் மாதம் இரண்டு தரமாவது இறைச்சி இருக்க வேண்டும் என்று தொடங்கியது. விற்பதில்லை, வீட்டுக்கு மட்டும்தான்.

இவ்வளவு நாளும் கடையில் விற்கும் முயல் பெலட்டும் வேலியோரப் புல்லும் கொடுத்து வந்தேன். போன மாதம் கடையில் பெலட் முடிந்துவிட்டது. "கோழிக்குஞ்சுத் தீனும் இதுவும் ஒன்றுதான், கொண்டு போங்க" என்றார் கடைக்காரர். நம்பிக் கொடுத்தேன். ஒரு கிழமைக்குள் ஐந்து குட்டிகள் செத்துப் போயின. வயிறு ஊதி, பல்லை நறநறவென்று கடித்துக்கொண்டு, கூட்டின் மூலையில் ஒடுங்கிக் கிடந்தன. பால் மறந்து ஒரு கிழமைகூட ஆகாத குட்டிகள்.

அதற்குப் பிறகுதான் பழைய பெலட் பையை எடுத்துப் பின்பக்கத்தை வாசித்தேன். கொக்சிடியா என்ற குடல் நோய்க்கான மருந்து என்று ஒரு வரி இருந்தது. என் கையால் வளர்த்து என் பிள்ளைக்குக் கொடுக்கிற இறைச்சியில் என்ன இருக்கிறது என்று எனக்குத் தெரிய வேண்டும். அதற்காகத்தானே இந்தப் பாடு.

மருந்தோ வேறு எதுவுமோ கலக்காத தீன் நம்ம பக்கத்தில் எங்கே கிடைக்கும்? புல் மட்டும் கொடுத்தால் போதுமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


மாணவி, வந்தாறுமூலை:

அக்கா, முதலில் அந்தக் கோழித்தீனை இன்றைக்கே நிறுத்துங்கள். மிச்சம் இருந்தால் கோழி வளர்ப்பவர்களுக்குக் கொடுத்துவிடுங்கள்.

கோழிக்குஞ்சுத் தீனில் கொக்சிடியாவுக்காகக் கலக்கிற மருந்துகளில் சில முயலுக்கு ஆகாது. நராசின் முயலுக்கு நஞ்சு. சலினோமைசின் கோழிக்குத் தாங்கும் அளவில் முயலுக்குத் தாங்காமல் போகலாம். உலகில் முயல் தீனுக்கென்று பயன்படுத்தும் மருந்து வேறு, ரொபெனிடின் போன்றவை. உங்கள் குட்டிகள் அதனால்தான் செத்தன என்று பார்க்காமல் சொல்ல முடியாது. மருந்தே இல்லாத கோழித்தீனாக இருந்தாலும் அதில் மாச்சத்து அதிகம், நார் குறைவு. பால் மறக்கும் வயதில் முயலின் குடல் அதைச் சமாளிக்காது. பெருங்குடலின் தொடக்கத்தில் இருக்கும் பையில்தான் முயலுக்கு நார் புளித்துச் செரிக்கிறது. நார் குறைந்து மாவு கூடினால் அங்கே கெட்ட கிருமி பெருகி, நீங்கள் சொன்ன அதே வயிற்றூதல் வரும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். முயலுக்கு வயிற்றோட்டம் என்றால் வீட்டில் இருக்கும் பிள்ளைகளின் அமொக்சிசிலின் சிரப்பைச் சிலர் ஊற்றுகிறார்கள். வாயால் கொடுக்கும் அமொக்சிசிலினும் அம்பிசிலினும் முயலின் குடலில் நல்ல கிருமிகளை அழித்துச் சில நாளில் கொன்றே விடலாம். அரச மிருக வைத்திய அலுவலகத்தில் கேட்காமல் எந்த மருந்தும் வேண்டாம்.


கதியால், கொக்கட்டிச்சோலை:

தங்கச்சி, படுவான்கரையில் பதினைந்து வருடமாக முயல் வைத்திருக்கிறேன். கேட்ட கேள்விக்கு நேரே பதில் சொல்கிறேன்: நீங்கள் தேடுகிற தீன் எந்தக் கடையிலும் பையில் கட்டி இருக்காது. அது உங்கள் வேலியில் நிற்கிறது. அதை வெட்டத் தெரிய வேண்டும், காயப்போடத் தெரிய வேண்டும், எங்கே வெட்டக் கூடாது என்று தெரிய வேண்டும்.

முயல் தின்பதில் பத்தில் ஏழு எட்டுப் பங்கு புல்லாக இருக்கட்டும். கினிப்புல் நம்ம பக்கம் எங்கே பார்த்தாலும் நிற்கிறது. வளவில் ஒரு மூலையில் சி.ஓ.3 புல் நட்டால் இன்னும் நல்லது. கட்டை வாங்கி மாரி தொடங்கும்போது ஊன்றினால் போதும். மாட்டுக்கு வெட்டுவதுபோல் நீள வளர விடாதீர்கள். ஒரு மாதத்துத் தளிர்ப்புல்லாக வெட்டுங்கள், தண்டு முற்றினால் முயல் இலையை மட்டும் தின்றுவிட்டுத் தண்டை விட்டுவிடும். மூன்று கிலோ முயல் ஒரு நாளைக்கு அரைக் கிலோவுக்கு மேல் பச்சைப்புல் தின்னும்.

வெட்டின புல்லை உடனே போட வேண்டாம். நிழலில் இரண்டு மூன்று மணித்தியாலம் வாட விட்டுக் கொடுங்கள். மழை நனைந்த புல்லையும் பனி நனைந்த புல்லையும் அப்படியே கொடுத்துத்தான் மார்கழியில் அதிகமான குட்டிகள் சாகின்றன. இதை நான் பட்டுத்தான் படித்தேன்.

இப்போது மிக முக்கியமான விஷயம். வயல் வரம்புப் புல் வேண்டவே வேண்டாம். நம்ம வட்டைகளில் பெரும்போகம், சிறுபோகம் இரண்டிலும் எண்ணெய், அதுதான் பூச்சிமருந்தும் களைமருந்தும், அடிக்கிறார்கள். வரம்புக்குப் புல்லெண்ணெய் அடித்துச் சில நாள் வரையும் புல் பச்சையாகத்தான் நிற்கும், பார்த்தால் தெரியாது. என் மச்சானுடைய வயலில் அவர் அடித்தது எனக்குத் தெரியாமல் ஒரு சாக்கு வெட்டிக்கொண்டு வந்தேன். ஆறு முயல். அதற்குப் பிறகு வரம்பில் கத்தி வைப்பதில்லை. பெலட்டில் இருக்கிற மருந்துக்குப் பயந்து புல்லுக்கு வருகிற ஆட்கள் வரம்பில் வெட்டினால், குறைந்த நஞ்சை விட்டுக் கூடின நஞ்சைப் பிடித்த மாதிரி. உங்கள் வளவு, கோயில் வளவு, குளக்கட்டின் மேற்பக்கம், இப்படி யாரும் எண்ணெய் அடிக்கவில்லை என்று உங்களுக்கே தெரிந்த இடத்தில் மட்டும் வெட்டுங்கள்.

கதியாலுக்கு முள்முருக்கும் முருங்கையும் போடுங்கள். முள்முருக்கு இலையை முயல் விழுந்து விழுந்து தின்னும். அகத்தியும் நல்லது, குட்டி போட்ட தாய்க்குக் கட்டாயம் ஒரு கைப்பிடி. வத்தாளங்கிழங்குக் கொடியை விட நல்ல பச்சை இல்லை என்பேன். கிழங்கு உங்களுக்கு, கொடி முயலுக்கு.


அலை, திருக்கோவில்:

கதியால் அண்ணன் சொன்னதில் எனக்கு மறுப்பு இல்லை. ஆனால் ஒரு பக்கத்தையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். நான் 40 முயல் வைத்திருக்கிறேன், பெலட்தான். நல்ல பெலட்டில் பதினொரு பன்னிரண்டு கிழமையில் இரண்டு கிலோ வருகிறது. புல்லில் அதே நிறைக்கு நாலைந்து மாதம் போகும்.

"கலப்பு" என்றாலே நஞ்சு என்று எடுக்கக் கூடாது. உப்பு, சுண்ணாம்புச் சத்து, விற்றமின் எல்லாம் பையில் கலப்பு என்றுதான் எழுதப்படும். பெலட் உதிராமல் இருக்கச் சேர்க்கிற வெல்லப்பாகும் கலப்புதான். கொக்சிடியா மருந்தைக் கூடக் காரணமில்லாமல் போடுவதில்லை. முந்தின மாரியில் மருந்தில்லாத தீன் பார்ப்போம் என்று மாற்றினேன், 18 குட்டி போயிற்று. ஈரலை வெட்டிப் பார்த்தால் வெள்ளை வெள்ளைப் புள்ளி.


மாணவி, வந்தாறுமூலை:

அலை அண்ணா, ஈரலில் வெள்ளைப் புள்ளி என்றால் பெரும்பாலும் கொக்சிடியாவாக இருக்கும், நீங்கள் சொல்வது சரியாக இருக்கலாம். ஆனால் அந்த நோயின் போக்கைப் பார்த்தால் மருந்து இல்லாமலும் மறிக்க இடம் இருக்கிறது. நோய் முட்டைகள் புழுக்கையோடு வெளியே வருகின்றன. வெளியே வந்த உடனே அவை தொற்றாது. ஈரமும் சூடும் கிடைத்து ஒன்று முதல் நாலு நாள் வரை முதிர்ந்த பிறகுதான் தொற்றும். அதனால் புழுக்கை முயலின் காலடியில் தங்காமல் இருந்தாலே பாதிப் பிரச்சினை முடிந்தது. கம்பி வலைத் தளம், நிலத்திலிருந்து மூன்றடி உயரம், ஒவ்வொரு நாளும் கூட்டிக் கழுவிக் காயவிடுவது, புல்லைத் தரையில் போடாமல் தட்டியில் செருகுவது. மூன்று முயல் வைத்திருக்கிற வளவுக்காரி அக்காவுக்கு இது கால் மணித்தியால வேலை. 40 முயலுக்கு அது பெரிய வேலை, உங்கள் நிலைமை வேறு என்பதும் விளங்குகிறது.

மருந்துத் தீன் கொடுக்கிறவர்கள் அறுப்பதற்கு முன் எத்தனை நாள் அதை நிறுத்த வேண்டும் என்று பையில் பார்த்து, அந்த நாளைக்கு மருந்தில்லாத தீன் கொடுக்க வேண்டும். இதைப் பலர் செய்வதில்லை. பையில் அந்த வரி இல்லையென்றால் அந்தப் பையை வாங்காதீர்கள்.


அலை, திருக்கோவில்:

ஏற்றுக்கொள்கிறேன் தங்கச்சி. என் கூடு பலகைத் தளம்தான். இந்த மாரிக்கு முன் வலை அடிக்கிறேன்.


காக்கா, சம்மாந்துறை:

அஸ்ஸலாமு அலைக்கும். எங்கள் வீட்டில் உம்மாவின் காலத்திலிருந்து முயல் இருக்கிறது. தவிட்டைப் பற்றி யாரும் சொல்லாததால் எழுதுகிறேன், நெல் விளைகிற மாவட்டத்தில் இருந்துகொண்டு தீன் தேடி அலைவது எனக்கு மனவருத்தம்.

புல் அடித்தளம், சரி. ஆனால் பால் கொடுக்கிற தாய்க்கும் வளர்கிற குட்டிக்கும் புல் மட்டும் பற்றாது. புரதம் நூற்றுக்குப் பதினாறு அளவில் வேண்டும். அதற்கு நான் கலக்கிறது இதுதான், பத்துக் கிலோவுக்கு: புழுங்கல் நெல் தவிடு நாலு கிலோ, அரைகுறையாக உடைத்த சோளம் இரண்டரை, தேங்காய்ப் புண்ணாக்கு இரண்டு, வறுத்து உடைத்த கௌப்பி ஒன்றரை, உப்பு 50 கிராம். உங்களுக்குத் தெரியாத பொருள் இதில் ஒன்றும் இல்லை தங்கச்சி. கணக்குப் பார்த்தால் பதினாலு பதினைந்து புரதம் வரும், மிச்சத்தை முருங்கையும் அகத்தியும் கொடுக்கும். சாதாரண முயலுக்கு ஒரு நாளைக்கு 50 கிராம், அதாவது ஒரு பெரிய கைப்பிடி. பால் கொடுக்கிற தாய்க்கு அதைப் போல் இரண்டு, இரண்டரை மடங்கு. இலேசாகத் தண்ணீர் தெளித்துப் பிசறிக் கொடுங்கள், தூளாகக் கொடுத்தால் மூக்கில் ஏறித் தும்மும். மாலைக்குள் மிச்சத்தை எடுத்துவிட வேண்டும், புளித்துப் போகும்.

கௌப்பியைப் பச்சையாகப் போடக் கூடாது, வறுத்தால்தான் செரிக்கும்.

தவிடு வாங்கும்போது கவனம். பச்சை நெல் குற்றின தவிட்டில் எண்ணெய் நாலைந்து நாளிலேயே கெட்டுக் காறல் மணம் வரும். புழுங்கல் தவிட்டுக்கு நெல் அவியும்போதே அந்தக் கெடுதலைச் செய்கிற நொதி செத்துவிடுகிறது, அதனால் கொஞ்சம் நாள் தாங்கும். நம்ம ஊர் மில்லுகளில் அதிகம் புழுங்கல்தான் என்பது நமக்கு வாய்ப்பு. சின்ன மில்லில் உமியும் தவிடும் ஒன்றாக விழும், அது வேண்டாம். ஒரு கிண்ணத் தண்ணீரில் ஒரு பிடி போட்டுக் கலக்குங்கள், உமி மேலே மிதந்து காட்டிக் கொடுத்துவிடும். நான் இரண்டு கிழமைக்கு மேல் தேவையானதை வாங்கி வைப்பதில்லை.

புண்ணாக்கில்தான் உண்மையான பயம். மாரியில் பூசணம் பிடித்த புண்ணாக்கும் பூசணம் பிடித்த கச்சானும் முயலின் ஈரலைத் தின்றுவிடும். அந்தப் பூசண நஞ்சுக்கு மிக எளிதில் பலியாகும் மிருகங்களில் முயலும் ஒன்று. கட்டியாக ஒட்டியிருந்தால், மணம் மாறியிருந்தால், காயவைத்துப் பார்ப்போம் என்று நினைக்காமல் குழியில் போடுங்கள். காய்ந்தாலும் நஞ்சு போகாது. எத்தனை ரூபாய்க்கு வாங்கியிருந்தாலும் சரி.


வளவுக்காரி, ஆரையம்பதி:

எல்லோருக்கும் எவ்வளவு நன்றி சொன்னாலும் காணாது. அந்தக் குட்டிகள் செத்த நாளிலிருந்து நான் ஏதோ பாவம் செய்த மாதிரி இருந்தேன், இப்போது எங்கே பிழை என்று விளங்குகிறது.

இன்னும் சில கேள்வி. எங்கள் வேலி முழுக்கச் சீமைக்கிளுவை, கிளிரிசிடியா என்கிறோமே, அதுதான். ஆட்டுக்குக் கொடுக்கிறோம், முயலுக்குக் கொடுக்கலாமா? இப்பில் இப்பில்? மரவள்ளி இலை? அப்புறம், தாய் முயல் சில நாள் வெள்ளையாகச் சுண்ணாம்பு கரைத்த மாதிரி மூத்திரம் விடுகிறது, அது நோயா?


கதியால், கொக்கட்டிச்சோலை:

வெள்ளை மூத்திரம் நோய் இல்லை. முயல் மேலதிகச் சுண்ணாம்பை மூத்திரத்தில்தான் விடும். அகத்தி, முருங்கை கூடினால் அப்படி வரும். தடித்துக் களியாக வந்தால், முக்கினால், அப்போது யோசியுங்கள்.

சீமைக்கிளுவை நான் கொடுத்திருக்கிறேன், வாட வைத்து, வேறு இலையோடு கலந்து. ஒன்றும் ஆகவில்லை.


மாணவி, வந்தாறுமூலை:

அண்ணன், இதில் மட்டும் நான் ஒத்துப்போகவில்லை. கிளிரிசிடியா என்ற பெயரின் பொருளே எலிக்கொல்லி. மத்திய அமெரிக்காவில் அதன் பட்டையையும் இலையையும் தானியத்தோடு கலந்து எலிக்கு வைத்தார்கள். ஆடு மாட்டுக்கு நாலு பகுதியுள்ள வயிறு, அங்கே பல நஞ்சு உடைந்து போகும். முயலுக்கு அந்த வசதி இல்லை. இலை ஈரத்தில் புளித்தால் இரத்தத்தை உறையவிடாத பொருள் உண்டாகும், சாக்கில் அமுக்கி வைத்த ஈர இலை அதனால் இன்னும் ஆபத்து. கொஞ்சமாகக் கொடுத்துத் தப்பியிருக்கலாம். முருங்கையும் முள்முருக்கும் இருக்கும்போது எதற்கு அந்தப் பயம்?

இப்பில் இப்பிலில் மிமோசின் என்ற நஞ்சு இருக்கிறது, தொடர்ந்து கொடுத்தால் முடி உதிரும். கிழமைக்கு ஒரு நாள் ஒரு கொத்து, அதற்கு மேல் வேண்டாம், சினை முயலுக்கு அதுவும் வேண்டாம். மரவள்ளிப் பச்சை இலையில் சயனைட் நஞ்சு. வெயிலில் நன்றாகக் காய வைத்தால் பெரும்பகுதி போய்விடும், பச்சையாக ஒரு இலைகூடக் கூடாது. எருக்கலை, அலரி, ஊமத்தை, ஆமணக்கு, நாலும் கூட்டுக்குக் கிட்டவே வரக் கூடாது.


கதியால், கொக்கட்டிச்சோலை:

பதினைந்து வருடத்தில் காரணம் தெரியாமல் செத்த முயல்கள் என்னிடமும் உண்டு தங்கச்சி. அது இதனாலா என்று இனி நிச்சயம் சொல்ல முடியாது. இன்றைக்கு முதல் என் முயலுக்கும் சீமைக்கிளுவை இல்லை. வளவுக்காரி, நான் மேலே எழுதியதை எடுக்காதீர்கள்.


கச்சான்காரன், பொத்துவில்:

கச்சான் பிடுங்கினதும் கொடியைக் காட்டில் போட்டு எரிக்கிறார்கள். முயலுக்கு அதைவிட நல்ல காய்ந்த தீன் இல்லை. மண்ணை உதறி, காயைப் பொறுக்கி, இலை பச்சை மாறாமல் நிழலில் காய வைத்தால் போதும். எண்ணெய் அடித்த தோட்டமா என்று கேட்டு எடுங்கள். நான் கொடுக்கிறேன், காசு வேண்டாம், வந்து ஏற்றிக்கொண்டு போனால் போதும்.


அலை, திருக்கோவில்:

காய்ந்த புல்லைப் பற்றி அண்ணன் இன்னும் எழுதவில்லையே. மாரியில் மூன்று மாதம் நனையாத புல் எங்கே எடுப்பது? எனக்குப் பெலட்டை விட முடியாததற்கு அதுதான் காரணம்.


கதியால், கொக்கட்டிச்சோலை:

கேட்டது நல்லது தம்பி. கச்சான் காற்று, அந்தத் தென்மேற்குக் காற்று, எதற்கு அடிக்கிறது? ஆனி, ஆடியில் அந்த வறண்ட காற்றுக்கு வெட்டின புல் இரண்டு நாளில் காய்ந்துவிடும். மனிதனுக்கும் முயலுக்கும் அந்த வெக்கை பெரும் பாடு, கூட்டுக்கு மேல் ஈரச் சாக்குப் போட வேண்டி வரும், ஆனால் காய்ந்த புல்லுக்கு அதுதான் காலம். வாடை தொடங்கினால் ஒரு கட்டுக்கூடக் காயாது.

பூ வருவதற்கு முன் வெட்டுங்கள். காலைப் பனி காய்ந்த பிறகு வெட்டி, ஒரு வெயில் நிலத்தில், பிறகு கொட்டிலுக்குள் கயிற்றில் தொங்க விடுங்கள். நாள்கணக்கில் வெயிலில் கிடந்தால் வைக்கோல் நிறத்துக்கு வந்துவிடும், அதில் சத்து இல்லை. பச்சை நிறமும் தேயிலை மாதிரி மணமும் இருக்க வேண்டும். தண்டை முறுக்கினால் படக்கென்று ஒடிய வேண்டும், வளைந்தால் இன்னும் ஈரம். ஈரத்தோடு கட்டினால் நடுவில் சூடேறிப் பூசணம் பிடிக்கும்.

ஒரு கிலோ காய்ந்த புல்லுக்கு நாலு கிலோவுக்குக் கொஞ்சம் கூடப் பச்சை வேண்டும். ஒரு முயலுக்கு மாரி முழுவதற்கும் பத்துப் பன்னிரண்டு கிலோ காய்ந்த புல் கணக்கு வையுங்கள். உரப்பையில் அடைக்காதீர்கள், அதில் காற்றுப் போகாது, பழைய சணல் சாக்கு நல்லது. சுவரில் முட்டாமல், பலகைக்கு மேல்.

வைக்கோல் இருக்கிறதே என்று கேட்பீர்கள். கொறிக்கக் கொடுக்கலாம், குட்டிப் பெட்டிக்கு விரிக்கலாம். தீனாக அதை நம்பினால் முயல் எலும்பும் தோலுமாகும்.


காக்கா, சம்மாந்துறை:

பெலட்டிலிருந்து மாறுகிறவர்கள் ஒரே நாளில் மாற வேண்டாம். பத்து நாள் எடுத்து, ஒவ்வொரு நாளும் கொஞ்சம் பெலட்டைக் குறைத்துக் கலவையைக் கூட்டுங்கள். விடியற்காலையில் முயல் குனிந்து தன் மெல்லிய புழுக்கையைத் தானே தின்னும், அதைப் பார்த்துப் பயந்து கூட்டைக் கழுவிவிட வேண்டாம், அதற்கு அதுவும் தீன்தான். அந்தப் புழுக்கை தின்னாமல் கூட்டில் கிடந்தால் கலவை கூடிவிட்டது, புல்லைக் கூட்டுங்கள் என்று பொருள்.


வளவுக்காரி, ஆரையம்பதி:

ஏழு கிழமைக்குப் பிறகு எழுதுகிறேன், தாமதத்துக்கு மன்னிக்கவும்.

பெரிய தாய் முயல் அடுத்த ஈற்றில் ஏழு குட்டி போட்டது. ஆறு நிற்கின்றன, ஒன்று பிறந்த அன்றே செத்தது. ஐந்து கிழமை முடியத்தான் பால் மறக்க வைத்தேன், கோழித்தீன் இல்லை, பெலட் இல்லை. காக்காவின் கலவை, கினிப்புல், வத்தாளங்கிழங்குக் கொடி, முருங்கை. ஒன்றுக்கும் வயிறு ஊதவில்லை. நேற்று நிறுத்துப் பார்த்தேன், சின்னது 620 கிராம், பெரியது 780. பெலட்டில் வளர்ந்த முந்தின ஈற்றை விடக் குறைவுதான். எனக்கு அவசரம் இல்லை, இன்னும் இரண்டு மூன்று மாதம் நிற்கட்டும்.

தவிட்டுக்கு மூன்று மில்லுக்குப் போனேன். இரண்டில் உமி மிதந்தது. மூன்றாவதில் அவர்களே சிரித்துக்கொண்டு "தண்ணி கொண்டு வந்து பார்க்கிற ஆள் நீங்கதான் முதல்" என்று நல்ல தவிடாகப் பார்த்துக் கட்டிக் கொடுத்தார்கள்.

வேலியில் மேற்குப் பக்கத்துச் சீமைக்கிளுவைகளைத் தறித்து, முள்முருக்குக் கதியால் பன்னிரண்டு நட்டிருக்கிறேன், ஒன்பது துளிர்த்துவிட்டது. பொத்துவில் தம்பி, ஞாயிற்றுக்கிழமை என் அண்ணன் அந்தப் பக்கம் லொறியில் வருகிறார். கச்சான் கொடி இருந்தால் ஆறு சாக்கு எடுக்கலாமா? சணல் சாக்கு நான் கொடுத்து விடுகிறேன்.


கச்சான்காரன், பொத்துவில்:

இருக்கிறது அக்கா, போன புதன் பிடுங்கினது, கொட்டிலில் தொங்குகிறது. எட்டுச் சாக்காகவே கொடுத்து விடுங்கள். அண்ணனைக் காலையில் வரச் சொல்லுங்கள், மத்தியானம் ஏற்றினால் இலை எல்லாம் உதிர்ந்து போகும்.